மாமியார் பக்கத்தில் இருக்க, டிக் போட்ட பத்துக் கேள்விகள்

சென்னையிலிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார். அவர் யாரென்று தெரியக்கூடிய விவரங்களை எல்லாம் நீக்கிவிட்டு, அவருடைய சம்மதத்தோடு கடிதத்தைச் சுருக்கித் தருகிறேன்.

வயது 28. சிசேரியனில் பெண் குழந்தை பிறந்து ஒன்பது வாரம் ஆகிறது. அம்மா வீட்டில், நான்காவது மாடி ஃபிளாட்டில் இருக்கிறார். கணவருக்கு ஐடி வேலை. சனி, ஞாயிறு வந்து பார்த்துவிட்டுப் போகிறார். ஆறாவது வாரம் குழந்தைக்கு ஊசி போடப் போன இடத்தில் நர்ஸ் ஒரு தாளை நீட்டி, "இதை டிக் பண்ணிக் குடுங்கம்மா" என்றிருக்கிறார். பிரசவத்துக்குப் பின் தாயின் மனநிலை எப்படி இருக்கிறது என்று பார்க்கும் பத்துக் கேள்விகள். ஒரு பக்கம் அம்மா, இன்னொரு பக்கம் மாமியார். "அடுத்தது பையனா பொறக்கட்டும்" என்று அப்போதுதான் சொல்லி முடித்திருந்த மாமியார், "என்ன கேட்டிருக்காங்க?" என்று எட்டிப் பார்க்க, இவர் எல்லாக் கேள்விக்கும் 'நன்றாக இருக்கிறேன்' என்று வரும்படி டிக் போட்டுக் கொடுத்துவிட்டார். கொடுப்பதற்கு முன் அந்தத் தாளை ஃபோனில் படம் எடுத்துக்கொண்டார். ஏன் எடுத்தோம் என்று அவருக்கே தெரியவில்லை. மூன்று வாரம் கழித்து, ராத்திரி இரண்டரை மணிக்குப் பால் கொடுத்து முடித்தபின், மதிப்பெண் போடும் முறையை நெட்டில் தேடி, இந்த முறை உண்மையாகப் பதில் போட்டுப் பார்த்தால் முப்பதுக்கு 17 வந்திருக்கிறது.

இனி அவருடைய வார்த்தைகள்: "குழந்தை தூங்கினாலும் எனக்குத் தூக்கம் வருவதில்லை டாக்டர். மூச்சு விடுகிறாளா என்று மூக்குக்குக் கீழே விரலை வைத்துப் பார்த்துக்கொண்டே இருக்கிறேன். ஒருநாள் சாயங்காலம் பால்கனியில் அவளைத் தூக்கிக்கொண்டு நின்றபோது, 'கை நழுவிட்டா? நானே விட்டுட்டா?' என்று ஒரு நினைப்பு வந்தது. ஆடிப்போய்விட்டேன். அன்றிலிருந்து பால்கனிக் கதவைப் பூட்டி, சாவியை அம்மாவிடம் கொடுத்துவிட்டேன். அவளைக் குளிப்பாட்டுவதையும் விட்டுவிட்டேன். நான் பேயா, டாக்டர்?"

17 என்றால் பைத்தியமா, பொய்யாக எழுதியது தப்பா, மாத்திரை கொடுத்துத் தாய்ப்பாலை நிறுத்திவிடுவார்களா, ஃபைலில் ஏறிவிட்டால் நாளைக்கு அதையே காட்டி விவாகரத்து கேட்டுக் குழந்தையைப் பிரிப்பார்களா, அம்மா சொல்வதுபோல மூன்று மாதத்தில் தானாகச் சரியாகிவிடுமா. இவைதான் அவருடைய கேள்விகள்.

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் மின்னஞ்சல் வந்த அன்றே சுருக்கமாக ஒரு பதில் அனுப்பினேன். இந்தப் பக்கத்தில் பதில் வரும்வரை உங்களைக் காக்க வைக்கக் கூடாது என்று நினைத்தேன். காரணம், 17 அல்ல. பத்தாவது கேள்விக்கு நீங்கள் இரண்டாம் முறை போட்ட பதில். தன்னைத்தானே ஏதாவது செய்துகொள்ளும் எண்ணம் வந்ததா என்று கேட்கும் அந்தக் கேள்விக்கு 'எப்போதாவது' என்று போட்டிருக்கிறீர்கள். மொத்த மதிப்பெண் என்னவாக இருந்தாலும், அந்தக் கேள்விக்கு 'ஒருபோதும் இல்லை' தவிர வேறு எந்தப் பதில் வந்தாலும், அன்றைக்கே அந்தப் பெண்ணோடு உட்கார்ந்து பேச வேண்டும் என்பது எங்கள் தொழிலில் விதி.

அதனால் அன்று அனுப்பிய மடலில் கேட்டதையே இங்கும் கேட்கிறேன். 'நான் இல்லாம போயிட்டா நல்லா இருக்கும்' என்ற நினைப்பு வந்து போகிறதா? அல்லது எப்படி, எப்போது என்று மனம் கணக்குப் போடுகிறதா? முதலாவது என்றால், இரண்டு மூன்று நாளுக்குள் ஒரு மனநல மருத்துவரைப் பாருங்கள். இரண்டாவது என்றால், இன்றைக்கே. ராத்திரி ஆனாலும் பரவாயில்லை, அம்மாவை எழுப்புங்கள், தனியாக இருக்காதீர்கள், பக்கத்தில் இருக்கும் பெரிய மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்குப் போங்கள். இரண்டில் எதுவாக இருந்தாலும் 14416 என்ற எண்ணுக்கு அழைக்கலாம். அது டெலி மானஸ், அரசின் மனநல உதவி எண். இரவு பகல் எந்நேரமும், கட்டணமில்லாமல், தமிழிலேயே பேசலாம்.

"பரவாயில்லை டாக்டர், அந்த மாதிரி திட்டமெல்லாம் இல்லை, களைப்பில் வரும் நினைப்புதான்" என்று நீங்கள் பதில் எழுதியதைப் படித்து ஆறுதலடைந்தேன். ஆனாலும் மேலே சொன்னதை முழுவதுமாக இங்கே வைக்கிறேன். இதைப் படிக்கும் வேறு ஒருவருக்கு அந்த இரண்டாவது பதில் இருக்கலாம்.

பால்கனியில் வந்த அந்த நினைப்பு

உங்கள் கடிதத்தில் மிகவும் வலிக்கும் இடம் இதுதான். எனவே இதில் கொஞ்சம் அதிக நேரம் நிற்கிறேன்.

பிறந்த குழந்தையைக் கையில் வைத்திருக்கும் தாய்க்கு ஆபத்தைப் பற்றிய நினைப்புகள் அழைக்காமலே வரும். தண்ணீரில் நழுவிவிட்டால், தலையணை மூடிவிட்டால், மாடிப்படியில் கால் தடுக்கிவிட்டால் என்று. கனடாவில் தாய்மார்களிடம் நடந்த ஆய்வில் ஏறக்குறைய எல்லோருமே இப்படிப்பட்ட நினைப்புகள் வந்ததாகச் சொன்னார்கள். 'நானே ஏதாவது செய்துவிடுவேனோ' என்ற நினைப்பு வந்ததாகச் சொன்னவர்களே பாதிப் பேர் வரை இருந்தார்கள். அதை யாரும் யாரிடமும் சொல்வதில்லை. சொல்லாததால் ஒவ்வொருத்தியும் தனக்கு மட்டும்தான் இப்படி வருகிறது, தான்தான் ராட்சசி என்று நினைத்துக்கொள்கிறாள்.

நினைப்பு வந்ததும் நீங்கள் என்ன செய்தீர்கள் என்று பாருங்கள். ஆடிப்போனீர்கள். கதவைப் பூட்டினீர்கள். சாவியைக் கைமாற்றினீர்கள். குளிப்பாட்டுவதைக்கூட அம்மாவிடம் விட்டுவிட்டீர்கள். குழந்தைக்கு ஒன்றும் ஆகிவிடக் கூடாது என்ற தவிப்பு மட்டும்தான் இதில் இருக்கிறது. பிடிக்காத, பயமுறுத்தும் நினைப்பு திரும்பத் திரும்ப வருவதும், அதற்குப் பயந்து ஒன்றைத் தவிர்ப்பதும், ஒன்றைத் திரும்பத் திரும்பச் சரிபார்ப்பதும் பதற்ற நோய்களிலும், எண்ணச் சுழற்சி நோய் என்று நாங்கள் சொல்லும் ஓ.சி.டி.யிலும் வழக்கமாகப் பார்ப்பவை. கடிதத்தை வைத்து நோய்க்குப் பெயர் சூட்டுவது சரியல்ல. நேரில் பார்க்கும் மருத்துவர் அதைச் செய்வார். ஆனால் இந்த மாதிரியான நினைப்பு வருவதால் ஒரு தாய் குழந்தைக்குத் தீங்கு செய்யும் வாய்ப்பு கூடுவதில்லை என்பதை என்னால் இங்கிருந்தே சொல்ல முடியும்.

நாங்கள் உண்மையிலேயே பயப்படும் நிலை வேறு. அதில் அந்த நினைப்பு தாய்க்கு அதிர்ச்சியாகவே தோன்றாது. குழந்தை தன்னுடையது இல்லை, மாற்றிவிட்டார்கள், அதன் உடம்பில் ஏதோ புகுந்திருக்கிறது, தெய்வம் கட்டளை இடுகிறது என்று உறுதியாக நம்புவார். யாருக்கும் கேட்காத குரல் கேட்கும். இரண்டு மூன்று நாள் தூங்காமலே சுறுசுறுப்பாக இருப்பார். பேச்சு ஒன்றோடொன்று ஒட்டாது. இதைப் பிரசவத்துக்குப் பிந்தைய சைக்கோசிஸ் என்கிறோம். ஆயிரம் பிரசவத்தில் ஒன்றிரண்டு பேருக்குத்தான் வரும், பெரும்பாலும் முதல் இரண்டு வாரத்துக்குள் தொடங்கிவிடும். வந்தால் அது அவசர நிலை. கோயில், மந்திரிப்பு என்று ஒரு நாள்கூடத் தள்ளக் கூடாது. நீங்கள் எழுதியதில் அதற்கான அடையாளம் எதுவும் எனக்குத் தெரியவில்லை.

பால்கனிக் கதவை இன்றைக்கே திறந்து நில்லுங்கள் என்று நான் சொல்ல மாட்டேன். தவிர்ப்பதை மெல்ல மெல்லக் குறைப்பது சிகிச்சையின் ஒரு பகுதி, அதற்கு ஒரு முறை இருக்கிறது. ஆனால் குளிப்பாட்டுவதை முழுக்க விட்டுவிடாதீர்கள். அம்மா காலை நீட்டி உட்கார்ந்து எண்ணெய் தேய்க்கும்போது பக்கத்தில் உட்கார்ந்து நீங்கள் தண்ணீர் மொண்டு ஊற்றுங்கள். அது போதும், இப்போதைக்கு.

17 என்பது தீர்ப்பு அல்ல

உங்களுக்குக் கொடுத்த தாளின் பெயர் எடின்பரோ அளவுகோல். 1987-ல் ஸ்காட்லாந்தில் உருவானது. பத்துக் கேள்வி, ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 3 வரை, ஆக 30. கடந்த ஏழு நாள் எப்படி இருந்தீர்கள் என்பதை மட்டும் கேட்கும். தமிழ் வடிவத்தை வேலூரில் பிரசவமான பெண்களிடம் சோதித்துப் பார்த்து, 2005-ல் வெளியிட்டிருக்கிறார்கள். 9-ம் அதற்கு மேலும் வந்தால் கவனிக்க வேண்டும் என்று அதில் கண்டார்கள். ஆங்கிலத்தில் 10 அல்லது 13 என்று வைக்கிற எல்லையைவிட இது குறைவு. காரணம் எதுவானாலும், நம் பெண்கள் இந்த மாதிரித் தாள்களில் அடக்கித்தான் எழுதுகிறார்கள் என்பது என் அனுபவம்.

இதை நோய்ப் பரிசோதனை என்று நினைத்துக்கொள்ள வேண்டாம். வாசலில் நிற்கும் காவல்காரர் மாதிரி, யாரை உள்ளே அழைத்துப் பேச வேண்டும் என்று மட்டும் காட்டும். ஒரு சின்னக் கணக்கு போட்டுப் பார்ப்போம். வேலூர் மாவட்டக் கிராமப்புறத்தில் 2002-ல் வெளியான இன்னொரு ஆய்வில், பிரசவத்துக்குப் பின் நூற்றுக்குப் பதினோரு பேருக்கு மனச்சோர்வு நோய் வந்திருந்தது. தமிழ்த் தாளின் எல்லையை 9 என்று வைத்தால், நோய் உள்ளவர்களில் நூற்றுக்கு 94 பேரைப் பிடித்துவிடும். நோய் இல்லாதவர்களில் 90 பேரைச் சரியாக விட்டுவிடும். இரண்டையும் சேர்த்தால், நூறு தாய்மாரில் சுமார் 19 பேருக்கு எல்லையைத் தாண்டிய மதிப்பெண் வரும். அவர்களில் உண்மையில் நோய் இருப்பது பத்துப் பேருக்கு. மீதி ஒன்பது பேருக்குத் தூக்கக் குறைவு, ரத்தசோகை, வீட்டில் சண்டை என்று வேறு ஏதாவது இருக்கலாம். அவர்களோடும் பேசத்தான் வேண்டும், ஆனால் நோயாளி என்று முத்திரை குத்தக் கூடாது.

உங்கள் 17 அந்த எல்லைக்கோட்டில் தள்ளாடும் எண் அல்ல என்பதையும் மறைக்க மாட்டேன். நீங்கள் இரண்டாம் முறை போட்ட பதில்களில் மூன்று, நான்கு, ஐந்தாவது கேள்விகளுக்குத்தான் மதிப்பெண் குவிந்திருக்கிறது. தேவையில்லாமல் உங்களையே பழித்துக்கொள்வது, காரணமில்லாத கவலை, காரணமில்லாத பயம். இந்த மூன்றும் பதற்றத்தைக் காட்டும் கேள்விகள். நம் வீடுகளில் மனச்சோர்வு என்றால் அழுதுகொண்டு மூலையில் கிடப்பது என்று நினைக்கிறார்கள். எழுந்து நடமாடி, பாலும் கொடுத்து, துணியும் மடித்து, ராத்திரி முழுக்க மூக்கடியில் விரல் வைத்துப் பார்க்கும் பெண்ணுக்கு ஒன்றும் இல்லை என்று முடிவு செய்துவிடுகிறார்கள்.

என் ஓ.பி.க்கு வந்த ஒரு பெண் நினைவுக்கு வருகிறார். அவர் அம்மாவும் மாமியாரும் மாற்றி மாற்றிப் பேசினார்கள். "நல்லாத்தான் இருக்கா, தூக்கம்தான் இல்லை." குழந்தை பாட்டி மடியில் தூங்கிக்கொண்டிருந்தது. இவர் கை மட்டும் நிற்கவில்லை. வெறும் மடியைத் தட்டிக்கொண்டே இருந்தது. குழந்தையை எடை பார்த்துவிட்டு வாருங்கள் என்று மற்றவர்களை வெளியே அனுப்பினேன். கதவு சாத்தியதும் அவர் சொன்ன முதல் வார்த்தை, "எனக்கு இவளைப் பிடிக்கலையோன்னு பயமா இருக்கு." அந்த நான்கு நிமிடத்தில் கிடைத்தது முந்தைய அரை மணி நேரத்தில் கிடைக்கவில்லை.

ஆகவே நீங்கள் பொய் எழுதியது தப்பா என்ற கேள்விக்கு என் பதில்: அந்த இடத்தில் உண்மை எழுதச் சொல்லி உங்களைக் கேட்டதே தப்பு. இரண்டு பெரியவர்கள் எட்டிப் பார்க்கும்போது ஒரு பெண் என்ன எழுத முடியும்? இந்தத் தாளைத் தாயிடம் தனியாகக் கொடுக்க வேண்டும். படிக்கக் கஷ்டப்படுபவருக்கு நர்ஸ் தனியாக வாசித்துக் காட்ட வேண்டும். ஒரு முறையோடு விடாமல் திரும்பவும் கேட்க வேண்டும், ஏனென்றால் ஆறாவது வாரம் நன்றாக இருந்தவருக்கு நான்காவது மாதம் வரலாம். ஆறு, பத்து, பதினான்காவது வாரம் என்று குழந்தையை மூன்று முறை ஊசிக்குத் தூக்கி வருகிறார்கள். ஒவ்வொரு முறையும் குழந்தையை எடை போடுகிறோம். தாயிடம் ஒரு கேள்வி கேட்க இரண்டு நிமிடம் ஒதுக்கினால் எத்தனையோ பேரைக் கண்டுபிடித்துவிடலாம். இதைப் படிக்கும் செவிலியர்கள் இருந்தால், தாளே இல்லாவிட்டாலும் பரவாயில்லை, இரண்டு கேள்வி கேளுங்கள் சகோதரி. போன ஒரு மாதத்தில் அடிக்கடி மனசு பாரமாக, நம்பிக்கை இல்லாமல் இருந்ததா? எதிலும் பிடிப்பு இல்லாமல் இருந்ததா? ஒன்றுக்கு 'ஆமாம்' வந்தாலும் மேலே பேசுங்கள்.

மறுபடி அந்த மருத்துவமனைக்குப் போய்த் தாளைத் திருத்த வேண்டியதில்லை. ஃபோனில் இருக்கும் படத்தை, உண்மையான பதில்களோடு, மருத்துவரிடம் காட்டினால் போதும்.

"பச்சை உடம்பு, போகப் போகச் சரியாயிடும்"

உங்கள் அம்மா சொல்வது முழுப் பொய் இல்லை. பிரசவமான மூன்றாம் நாள் வாக்கில் காரணமில்லாமல் அழுகை வரும், சட்டென்று கோபம் வரும். பெரும்பாலான தாய்மாருக்கு வருவதுதான். இரண்டு வாரத்துக்குள் அது தானாக அடங்கிவிடும். அந்த அனுபவத்தை வைத்துத்தான் பெரியவர்கள் பேசுகிறார்கள். ஆனால் உங்களுக்கு ஒன்பது வாரம் ஆகிவிட்டது. குழந்தை தூங்கும்போதும் தூக்கம் வரவில்லை. இது அந்தக் கணக்கில் சேராது. சிகிச்சை இல்லாமல் விட்டால் சிலருக்கு மாதக்கணக்கில், ஒரு வருடத்துக்கு மேலும் இழுக்கும்.

மேலே சொன்ன வேலூர் கிராமப்புற ஆய்வு, எந்தச் சூழலில் இது அதிகம் வருகிறது என்றும் பார்த்தது. பண நெருக்கடி, கர்ப்ப காலத்தில் நேர்ந்த துயரங்கள், மாமியாரோடும் பெற்றோரோடும் உரசல், கூடமாட வேலை செய்ய ஆள் இல்லாமை, அப்புறம், ஆண் குழந்தையை எதிர்பார்த்த இடத்தில் பெண் குழந்தை பிறப்பது. ஊசி போடும் இடத்தில் உங்கள் காதில் விழுந்த அந்த ஒரு வாக்கியத்தை நீங்கள் கடிதத்தில் போகிறபோக்கில் எழுதியிருக்கிறீர்கள். அதைப் போகிறபோக்கில் விட வேண்டாம். மருத்துவரிடம் சொல்லுங்கள், முதலில் கணவரிடம் சொல்லுங்கள்.

மாத்திரையும் தாய்ப்பாலும்

முதலில் ரத்தப் பரிசோதனை. சிசேரியனுக்குப் பிறகு ஹீமோகுளோபின் குறைந்திருந்தால் களைப்பும் படபடப்பும் வரும். பிரசவத்துக்குப் பின் சிலருக்குத் தைராய்டும் குழம்பும். இந்த இரண்டையும் பார்க்காமல் மனநல மாத்திரை எழுதக் கூடாது என்பது என் பழக்கம்.

எல்லோருக்கும் மாத்திரை தேவைப்படாது. லேசான, நடுத்தரமான நிலைக்குப் பேச்சு வழி சிகிச்சையே நன்றாக வேலை செய்கிறது. பாகிஸ்தானின் ராவல்பிண்டி பக்கம் கிராமங்களில், நம்மூர் கிராம சுகாதார செவிலியர் மாதிரியான பெண்களுக்குப் பயிற்சி கொடுத்து, வீடுவீடாகப் போய் மனச்சோர்வுள்ள தாய்மாரோடு பேச வைத்தார்கள். ஆறு மாதத்தில், அந்தப் பேச்சு கிடைத்தவர்களில் நூற்றுக்கு 23 பேருக்குத்தான் நோய் மிச்சமிருந்தது. கிடைக்காதவர்களில் 53 பேருக்கு. 2008-ல் வெளிவந்த ஆய்வு இது. டாக்டர் பட்டம் பெற்றவர்கள் அல்ல அந்தப் பெண்கள்.

உங்களைப் போல் தூக்கமே போய், பத்தாவது கேள்வியிலும் ஒரு டிக் விழுந்திருக்கும்போது மருத்துவர் மாத்திரையும் சேர்த்துக் கொடுக்கலாம். கொடுத்தால் பயந்து மறுக்காதீர்கள். பால் கொடுக்கும் தாய்மாருக்கு நாங்கள் முதலில் யோசிப்பது செர்ட்ராலின் என்ற மருந்தை. தாய்ப்பாலில் அது போகும் அளவு மிகக் குறைவு. பால் கொடுப்பதை நிறுத்த வேண்டியதில்லை. குழந்தை குறைமாதத்தில் பிறந்திருந்தாலோ வேறு உடல் பிரச்சினை இருந்தாலோ அதை மட்டும் மறக்காமல் சொல்லுங்கள். பலன் தெரிய இரண்டு முதல் நான்கு வாரம் ஆகும். நன்றாகிவிட்டது என்று நீங்களாகவே நிறுத்தக் கூடாது. பொதுவாக ஆறு மாதத்துக்கும் மேல் தொடர்ந்து, பிறகு மெல்லக் குறைப்போம்.

ஒன்றை மட்டும் கண்டிப்பாகச் சொல்கிறேன். மெடிக்கல் ஷாப்பில் கேட்டு அல்ப்ரசோலம் மாதிரி தூக்க மாத்திரை வாங்கிப் போடாதீர்கள். அசந்து தூங்கும் தாயின் பக்கத்தில் கைக்குழந்தை படுத்திருப்பது ஆபத்து.

தூக்கத்துக்கு வேறு வழி இருக்கிறது. ஒரு நாளில் நான்கு, ஐந்து மணி நேரம் இடைவிடாத தூக்கம் உங்களுக்குக் கிடைத்தாக வேண்டும். பாலைப் பிழிந்து, சுத்தமான மூடிபோட்ட பாத்திரத்தில் ஃபிரிட்ஜில் வைத்துவிடுங்கள். நம் ஊர் வெக்கையில் வெளியே வைக்க வேண்டாம். ராத்திரி ஒரு வேளைப் பாலைப் பாலாடையில் அம்மா கொடுக்கட்டும், நீங்கள் வேறு அறையில் கதவைச் சாத்திக்கொண்டு படுங்கள். கணவர் வரும் சனி, ஞாயிறு ராத்திரி அந்தப் பொறுப்பு அவருடையது. சாய்ந்த மாதிரி தூக்கிப் பாலாடையில் ஊட்டுவது ஆண்களுக்கும் ஒரே நாளில் பழகிவிடும்.

ஃபைலில் ஏறினால் என்ன ஆகும்?

நான் வக்கீல் இல்லை. ஆனால் இந்தக் கேள்வியை ஓ.பி.யில் என்னிடம் அடிக்கடி கேட்கிறார்கள் என்பதால் சட்டம் என்ன சொல்கிறது என்று தெரிந்து வைத்திருக்கிறேன்.

2017-ம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டப்படி, உங்கள் சிகிச்சை விவரம் ரகசியமானது. உயிருக்கு ஆபத்து, நீதிமன்ற உத்தரவு போன்ற சில விலக்குகள் தவிர, மாமியார் வந்து கேட்டால் நாங்கள் கொடுக்க மாட்டோம். ஒருவருக்கு மனநோய் இருக்கிறது என்பதால் மட்டும் அவரைப் புத்தி சுவாதீனம் இல்லாதவர் என்று கொள்ளக் கூடாது, அதை நீதிமன்றம்தான் சொல்ல முடியும் என்று அதே சட்டம் தெளிவாகச் சொல்கிறது. தாய் மனநல மருத்துவமனையில் சேர்ந்து சிகிச்சை பெற நேர்ந்தாலும், மூன்று வயதுக்கு உட்பட்ட குழந்தையைச் சாதாரணமாக அவரிடமிருந்து பிரிக்கக் கூடாது என்பதும் அதில் இருக்கிறது. பெங்களூர் நிமான்ஸ் மனநல மருத்துவமனையில் தாயும் சேயும் சேர்ந்தே தங்கும் தனிப் பிரிவு 2009 முதல் நடக்கிறது.

விவாகரத்தைப் பொறுத்தவரை, இந்துத் திருமணச் சட்டத்தில் மனநோய் ஒரு காரணமாக இருப்பது உண்மை. ஆனால் சேர்ந்து வாழவே முடியாத அளவுக்குத் தீவிரமானது என்று நிரூபிக்க வேண்டும். ஒரு தாளில் வந்த மதிப்பெண்ணோ, ஆறு மாதம் சாப்பிட்ட மாத்திரையோ அதற்குப் போதாது. ஐந்து வயது நிரம்பாத குழந்தை பொதுவாகத் தாயிடமே இருக்க வேண்டும் என்பதுதான் சட்டத்தின் நிலை. உங்கள் வீட்டில் யாராவது இப்படி மிரட்டியிருந்தால், அது தனி விஷயம். மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் பெண்களுக்கு இலவச ஆலோசனை உண்டு. மிரட்டல் எதுவும் இல்லை, உங்கள் பயம் மட்டும்தான் என்றால், அந்தப் பயத்தையும் சிகிச்சைக்குக் கொண்டுவாருங்கள்.

நம் ஊரில் 'கீழ்ப்பாக்கம்' என்பதையே வசைச் சொல் ஆக்கி வைத்திருக்கிறோம். 1794-லிருந்து இந்த நகரத்து மக்களைப் பார்த்துக்கொண்டிருக்கும் மனநல மருத்துவமனை அது. அங்கேதான் போக வேண்டும் என்றும் இல்லை. ராஜீவ் காந்தி, ஸ்டான்லி போன்ற அரசுப் பொது மருத்துவமனைகளில் மனநலப் புறநோயாளிப் பிரிவு இருக்கிறது. கண் டாக்டரைப் பார்ப்பது மாதிரி டோக்கன் போட்டுப் பார்த்துவிட்டு வரலாம். உங்களுக்குப் பிரசவம் பார்த்த டாக்டரிடம் சொன்னாலும் அவரே அனுப்பிவைப்பார்.

வீட்டில் எப்படிச் சொல்வது

"மனசு சரியில்லை" என்று சொன்னால் கணவர் "ரெஸ்ட் எடு" என்பார் என்று எழுதியிருக்கிறீர்கள். பலரும் அப்படித்தான் சொல்வார்கள், அலட்சியத்தால் அல்ல, என்ன செய்வதென்று தெரியாமல். அதனால் அவர் செய்யக்கூடிய ஒன்றைச் சேர்த்துச் சொல்லுங்கள். "அந்தத் தாள்ல நான் பொய் எழுதினேன். உண்மையா போட்டா 17 வருது. டாக்டரைப் பார்க்கணும். நீங்க ஒரு நாள் லீவு போட்டு என் கூட வாங்க." இதற்கு மேல் விளக்க வேண்டாம். பால்கனி விஷயத்தை இன்றைக்கே அவரிடம் சொல்ல வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. மருத்துவர் முன்னால், அவர் விளக்கும்போது சொன்னால் கணவரும் பயப்பட மாட்டார்.

அம்மாவிடம் வேறு மாதிரி. அவருக்குத் தன் வளர்ப்பில் குறை என்று தோன்றிவிடும். "உனக்குத் தெரியாதது இல்லம்மா, எனக்குத் தூக்கமே வரலை, ரத்தம் கம்மியா இருக்கா, தைராய்டான்னு பார்க்கணும்" என்று ஆரம்பியுங்கள். அது உண்மையும்கூட.

பத்தாவது வார ஊசி உங்களுக்கு அடுத்த வாரம் வருகிறது. அதற்கு முன்பே மருத்துவரைப் பார்த்துவிட்டால் நல்லது. ஏதோ காரணத்தால் முடியாமல் போனால், அன்றைக்காவது விடாதீர்கள். குழந்தையின் தடுப்பூசி அட்டையோடு, உங்கள் 17-ஐ ஒரு தாளில் எழுதி எடுத்துப் போங்கள். அம்மாவிடமும் மாமியாரிடமும் குழந்தையை எடை பார்க்கச் சொல்லிவிட்டு, நீங்கள் மட்டும் நர்ஸிடம் போய், "போன தடவை நான் சரியா எழுதலை" என்று சொல்லுங்கள்.